திருத்தணிச் சிறுவனுக்குப் பாடம் எடுக்கக் கடல் கடந்து வந்தவர்கள்

திருத்தணியில் ரயில் ஏறி திருப்பதிக்குப் போவதென்றால், ரேணிகுண்டா வருவதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போடலாம். அவ்வளவுதான் தூரம், 70 கிலோமீட்டர்கூட முழுதாக வராது. 1896-ம் ஆண்டு எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் அந்தத் தூரத்தைக் கடந்து படிக்கப் போனான். முருகன் மலையடிவாரத்திலிருந்து ஏழுமலையான் மலையடிவாரத்துக்கு! இரண்டு ஊரிலும் தலையை நிமிர்த்தினால் மலைதான், மலைமேல் கோயில்தான். ஆனால், அவன் சேர்ந்த பள்ளிக்கூடத்துக்கு ஜெர்மனியில் இருக்கும் ஒரு கிராமத்தின் பெயர். ஹெர்மன்ஸ்பர்க் எவாஞ்சலிக்கல் லுத்தரன் மிஷன் பள்ளி.

அந்தச் சிறுவன் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்.

ஒவ்வொரு செப்டம்பர் 5 அன்றும் ஆசிரியர் தின வாழ்த்து ஃபார்வர்டு செய்கிறோம். தத்துவ மேதை, குடியரசுத் தலைவர், பாரத ரத்னா... எல்லாம் மனப்பாடம். அந்த ஆசிரியருக்கு ஆசிரியர்களாக இருந்தவர்கள் யார் என்று கேட்டால் பலரும் விழிப்போம். 8 வயதிலிருந்து 20 வயதுவரை, 12 ஆண்டுகள் அவர் படித்ததெல்லாம் மிஷனரிகள் நடத்திய கல்வி நிலையங்களில்தான். திருப்பதியில் ஜெர்மானியர்கள், வேலூரில் அமெரிக்கர்கள், சென்னையில் ஸ்காட்லாந்துக்காரர்கள். மூன்று கூட்டத்தாருமே இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரக் கப்பல் ஏறி வந்தவர்கள். பாடத்தோடு சேர்த்துத் தங்கள் கடவுளையும் தர வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அதை அவர்கள் ஒளித்து வைக்கவும் இல்லை.

திருத்தணிச் சிறுவன் பாடத்தை வாங்கிக்கொண்டான். மற்றதை வாங்கிக்கொள்ளவில்லை. இந்தக் கதையில் சுவாரஸ்யமே இதற்கு அப்புறம் நடந்ததில்தான் இருக்கிறது.

விவசாயப் பிள்ளைகள் கட்டிய கப்பல்

முதலில் அந்த ஜெர்மானியர்கள். வட ஜெர்மனியில் லூனபர்க் என்றொரு பகுதி. புதர்க்காடும் மணலுமாக, பெரிய செழிப்பு இல்லாத பூமி. அங்கே ஹெர்மன்ஸ்பர்க் கிராமத்தில் லூயிஸ் ஹார்ம்ஸ் என்ற பாதிரியார் இருந்தார். 1849-ல் அவர் ஒரு மிஷனரிப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். ஏர் பிடித்த விவசாயக் குடும்பத்துப் பையன்கள். ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும், யார் கப்பலில் இடம் கொடுப்பார்கள்? 'நாமே கட்டிக்கொள்வோம்' என்று கிளம்பிவிட்டார்கள். 1853-ல் 'கண்டாசே' என்ற அந்தக் கப்பல் புறப்பட்டது. ஒரு கிராமம் கப்பல் கட்டியது என்பதை இன்று கேட்டாலும் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கிறது.

அந்த மிஷனின் இன்னொரு கிளை 1860-களின் நடுவில் இந்தியாவுக்கு வந்தது. அழைத்து வந்தவர் ஆகஸ்ட் மைலியஸ். அதற்கு முன்பே தமிழ்நாட்டில் வேறொரு ஜெர்மன் மிஷனில் வேலை பார்த்தவர். இந்த முறை அவர் தேர்ந்தெடுத்தது தெலுங்கு பேசும் பகுதியை. சூளூர்பேட்டை, நாயுடுபேட்டை என்று தொடங்கி, காளஹஸ்தி, திருப்பதிவரை அவர்களின் பள்ளிகளும் தேவாலயங்களும் பரவின.

திருப்பதியில் போய் ஒரு கிறிஸ்தவப் பள்ளி நடத்துவது என்றால் சும்மாவா? அடிவாரத்தில் நின்று நாள் முழுக்க கோவிந்தா கோஷம் கேட்டுக்கொண்டே பைபிள் பாடம் எடுக்க வேண்டும். ஆனால் பிள்ளைகள் வந்தார்கள். அனுப்பியவர்கள் கோயிலுக்குப் போகிற, நெற்றியில் இட்டுக்கொள்கிற பெற்றோர்கள்தான்.

ஏன் அனுப்பினார்கள்? ராதாகிருஷ்ணனின் அப்பா வீராசாமி, ஜமீனில் வருவாய்த் துறையில் சிறிய உத்தியோகத்தில் இருந்தவர். வீட்டில் தெலுங்கு, சம்பளம் குறைவு, குடும்பம் பெரிது. பையன் இங்கிலீஷ் படித்தால் சர்க்கார் வேலை கிடைக்கும், வீடு நிமிரும். இங்கிலீஷ் ஒழுங்காகச் சொல்லித் தரும் பள்ளிகள் பெரும்பாலும் மிஷன் பள்ளிகள்தான். 'பைபிள் கிளாஸ் இருக்குமே' என்று யோசித்திருப்பார்கள். இருந்தாலும் அனுப்பினார்கள். இன்றைக்குக் கான்வென்ட் வாசலில் அட்மிஷனுக்கு நிற்கும் இந்துப் பெற்றோருக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இடையில் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. திருத்தணி அப்போது வடஆற்காடு மாவட்டம். 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதில் போய்ச் சேர்ந்தது. எல்லைப் போராட்டமெல்லாம் நடந்து, படாஸ்கர் கமிட்டி பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்றுதான் தமிழகத்தோடு இணைந்தது. அதனால் ராதாகிருஷ்ணனை 'எங்க ஊர்க்காரர்' என்று ஆந்திரத்தாரும் சொல்வார்கள், தமிழ்நாட்டாரும் சொல்வார்கள். இரண்டும் சரிதான்.

பென்னி பென்னியாகச் சேர்ந்த காசு

1900-ல் பையன் வேலூருக்குப் போனான். ஊரிஸ் கல்லூரி. இப்போதும் வேலூர்க்காரர்கள் பெருமையோடு சொல்லும் பெயர். எலிசபெத் ராட்மன் ஊரிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியின் பெயரால் அமைந்தது. நடத்தியது அமெரிக்கன் ஆற்காடு மிஷன்.

இந்த மிஷனைத் தொடங்கியது ஒரு குடும்பம் என்றே சொல்லிவிடலாம். நியூயார்க்கில் டாக்டராக இருந்தவர் ஜான் ஸ்கடர். ஒரு நோயாளியின் வீட்டில் தற்செயலாகக் கையில் கிடைத்த ஒரு சிறு புத்தகத்தைப் படித்துவிட்டு, நல்ல வருமானம் தந்த தொழிலை விட்டுக் கப்பல் ஏறினார். 1819-ல் புறப்பட்டு யாழ்ப்பாணத்தில் இறங்கினார். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய ஏழு மகன்களும் மிஷனரிகள் ஆனார்கள். அவர்களில் மூன்று பேர் சேர்ந்து 1853-ல் தொடங்கியதுதான் ஆற்காடு மிஷன்.

ஜான் ஸ்கடர் 1840-களில் சில ஆண்டுகள் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போயிருந்தார். உடல்நலம் தேற்றிக்கொள்ளத்தான் போனார். ஆனால் ஊர் ஊராகச் சுற்றினார். பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம்தான் அதிகம் பேசினார். ஆயிரக்கணக்கான அமெரிக்கக் குழந்தைகள் அவர் பேச்சைக் கேட்டார்கள். அவர்களுக்காகவே புத்தகங்களும் எழுதினார். 'அங்கே உங்களைப் போன்ற பிள்ளைகள் இருளில் இருக்கிறார்கள், நீங்கள் உதவுங்கள்' என்பதுதான் எல்லாவற்றின் சாரம். மிட்டாய்க்கு வைத்திருந்த காசை அந்தக் குழந்தைகள் உண்டியலில் போட்டார்கள்.

அந்தப் புத்தகங்களில் நம் ஊர்க் குழந்தைகள் பரிதாபமானவர்கள். நம் சாமிகள் பயங்கரமானவை. நம் பெற்றோர் கல்நெஞ்சக்காரர்கள். கடல் தாண்டி இரக்கம் வர வேண்டும் என்றால் இங்குள்ளதை இருட்டாக வரைந்தால்தான் ஆகும் என்று நினைத்தார்களோ என்னவோ! குழந்தைக்குக் குழந்தை உதவுவது அழகான விஷயம்தான். ஆனால் உதவி பெறும் குழந்தை என்றாவது ஒருநாள் வளரும், இங்கிலீஷ் கற்கும், தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று எடுத்துப் படிக்கும். இதை ஸ்கடர் யோசித்ததாகத் தெரியவில்லை.

அவர்களைப் பற்றி இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது அநியாயம். ராதாகிருஷ்ணன் வேலூருக்குப் படிக்க வந்த அதே 1900-ல், ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர் அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்று வேலூருக்குத் திரும்பினார். ராணிப்பேட்டையில் பிறந்த பெண். 'மிஷனரி வேலையே எனக்கு வேண்டாம்' என்று ஒரு காலத்தில் சொன்னவர். திண்டிவனத்தில் ஓர் இரவு மூன்று வீடுகளிலிருந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்டு ஒருவர் பின் ஒருவராக ஆண்கள் வந்தார்கள். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்பதால் அவருடைய அப்பா போக முடியவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களுமே இறந்துபோனார்கள். அதன் பிறகு எடுத்த முடிவுதான் டாக்டர் படிப்பு. வேலூரில் அவர் தொடங்கியது ஒரே ஒரு கட்டில் போட்ட கிளினிக். இன்று நாடு முழுவதிலிருந்தும் நோயாளிகள் வந்திறங்கும் சி.எம்.சி அதிலிருந்து வளர்ந்ததுதான்.

ஆக, ஒரே ஊர், ஒரே ஆண்டு, ஒரே மிஷன். ஒரு பக்கம் ஒற்றைக் கட்டில், இன்னொரு பக்கம் வகுப்பறையில் 12 வயதுப் பையன்.

அந்தப் பையன் வேலூரில் பள்ளிப் படிப்பை முடித்து, அங்கேயே எஃப்.ஏ-வும் படித்தான். படிக்கும்போதே வழக்கப்படி திருமணமும் ஆனது. மணமகள் சிவகாமு, சின்னஞ்சிறு பெண். இயல்பிலேயே கூச்ச சுபாவம். கூட்டத்தில் சேர மாட்டான், புத்தகம் இருந்தால் போதும். வகுப்பில் சொல்லித் தந்ததைக் கவனமாகக் கேட்டான். ஷேக்ஸ்பியரைக் கேட்டான், கணக்கைக் கேட்டான், பைபிளையும் கேட்டான். அந்த பைபிள் பாடம் வீண் போகவில்லை. பிற்காலத்தில் அவர் எழுதிய புத்தகங்களில் உபநிடதத்துக்குப் பக்கத்திலேயே சுவிசேஷ வாசகங்கள் சர்வசாதாரணமாக வந்து உட்காரும்.

ஆனால் அதே வகுப்புகளில் வேறொன்றும் காதில் விழுந்தது. உன் அம்மா கும்பிடுவது கல். உன் தாத்தா சொன்னது மூடநம்பிக்கை. உன் மதத்தில் ஒழுக்கத்துக்கே இடமில்லை. நேரடியாகச் சிலர் சொன்னார்கள், நாசூக்காகச் சிலர் சொன்னார்கள். ஒரு குழந்தையை எதிரில் உட்காரவைத்து அதன் வீட்டைக் குறை சொல்வது எவ்வளவு நல்ல நோக்கத்தோடு செய்தாலும் குத்தத்தான் செய்யும். விவேகானந்தரின் பேச்சுகளைப் படித்து நிமிர்ந்திருந்த தன் பெருமிதம், மிஷன் பள்ளிகளில் இந்து மதத்தை நடத்திய விதத்தால் ஆழமாகக் காயப்பட்டது என்று ராதாகிருஷ்ணனே பின்னாளில் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார்.

காயப்பட்ட பிள்ளை என்ன செய்யும்? ஒன்று, கூனிக் குறுகி அவர்கள் சொல்வதை ஒப்புக்கொள்ளும். இல்லாவிட்டால் காதைப் பொத்திக்கொண்டு வெறுக்கும். இவர் மூன்றாவதாக ஒன்றைச் செய்தார். 'அவர்கள் சொல்வது உண்மையா என்று பார்ப்போம்' என்று புத்தகங்களைத் திறந்தார். இந்து மதத்தில் உயிரோடு இருப்பது எது, செத்துப்போனது எது என்று கண்டுபிடிக்கக் கிளம்பியது அந்தக் குத்தலால்தான் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பேராசிரியரிடமே எதிர்வாதம்

1904-ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அப்போது அது தாம்பரத்தில் இல்லை, பாரிமுனைப் பக்கம் இருந்தது. என்ன பாடம் எடுப்பது என்று ராதாகிருஷ்ணன் பெரிதாகத் திட்டமிடவில்லை. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவுக்காரப் பையன் ஒருவன் தன் பழைய தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தான். தர்க்கவியல் ஒன்று, உளவியல் ஒன்று, ஒழுக்கவியல் ஒன்று. புத்தகச் செலவு மிச்சம் என்பதால் தத்துவம். இந்தியாவின் புகழ்பெற்ற தத்துவப் பேராசிரியர் உருவானது இப்படித்தான்.

கல்லூரி முதல்வர் வில்லியம் மில்லர். 1862-ல் சென்னை வந்த ஸ்காட்லாந்துக்காரர், 1907 வரை முதல்வர் பொறுப்பில் இருந்தார். மாணவர்களை மதம் மாற்றிக் கணக்குக் காட்டுவதில் அவருக்கு ஆர்வம் இல்லை. நல்ல கல்வியைக் கொடுப்போம், நம் சிந்தனை அவர்களுக்குள் மெதுவாக இறங்கட்டும் என்பது அவர் வழி. 'இவ்வளவு செலவு செய்து எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தீர்கள்?' என்று சக மிஷனரிகளே அவரை விமர்சித்தார்கள்.

தத்துவம் சொல்லித் தந்தவர்களில் ஒருவர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக். 1903-ல்தான் வந்திருந்தார், இளைஞர். மாணவப் பருவத்தில் தன் சொந்த மத நம்பிக்கையே ஆட்டம் கண்டு, போராடி மீண்டவர். அதனாலோ என்னவோ, கேள்வி கேட்பவர்களைக் கண்டு அவர் பயப்படவில்லை. கர்மா என்ற கருத்தையும் கிறிஸ்தவ மீட்பையும் ஒப்பிட்டுக் கட்டுரைகள் எழுதினார். கர்மாவைக் கேலி செய்து ஒதுக்காமல், ஒரு இந்து அதை ஏன் நம்புகிறார் என்று உட்கார்ந்து யோசித்து எழுதினார். அப்புறம்தான் தன் மறுப்பைச் சொன்னார்.

எம்.ஏ படிப்பின் கடைசியில் ராதாகிருஷ்ணன் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு வேதாந்தத்தின் ஒழுக்கவியல். அன்றைக்கு மிஷனரிகள் திரும்பத் திரும்ப வைத்த குற்றச்சாட்டு ஒன்று இருந்தது. உலகமே மாயை என்றால், நல்லது செய்தால் என்ன, கெட்டது செய்தால் என்ன? வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு அடிப்படையே கிடையாதே! அதற்கு 20 வயது மாணவர் பதில் எழுதினார். உலகம் மாறக்கூடியது என்று சொல்வது, அது பொருளற்றது என்று சொல்வதாகாது. எல்லா உயிரும் ஒன்று என்பவனுக்குத்தான் அடுத்தவன் வலி தன் வலியாகத் தெரியும் என்கிற திசையில் போனது வாதம். 1908-ல் அது புத்தகமாகவும் வந்தது.

எழுதி முடித்ததும் பயம் வந்துவிட்டது. கட்டுரையைப் படித்து மதிப்பிடப் போகிறவர் யார்? ஹாக். மிஷனரி. எந்தக் கருத்தை மறுத்து எழுதியிருக்கிறாரோ, அந்தக் கருத்துடையவர்களின் கல்லூரி. மார்க் போய்விடுமோ, பேராசிரியர் கோபித்துக்கொள்வாரோ? வீட்டின் பொருளாதார நிலைமையில் அந்தப் பட்டம் மிகவும் முக்கியம்.

ஹாக் கோபிக்கவில்லை. அருமையான வேலை என்று பாராட்டினார். சிக்கலான வாதத்தைச் சிரமமில்லாமல் கையாளும் திறமையும் நல்ல ஆங்கிலமும் இந்த மாணவரிடம் இருக்கின்றன என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆண்டே ராதாகிருஷ்ணன் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவ ஆசிரியராகச் சேர்ந்தார்.

பள்ளி நாள்களில் குத்திய ஆசிரியர்களின் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. எதிர்வாதத்துக்கு மதிப்பெண் கொடுத்த ஹாக்கின் பெயர் வந்து சேர்ந்திருக்கிறது.

இப்போதும் வெளிநாட்டு சர்ச்சுகளிலிருந்து இளைஞர்கள் பத்து நாள், இரண்டு வாரம் என்று 'மிஷன் ட்ரிப்' போகிறார்கள். ஆப்பிரிக்கா, பிலிப்பைன்ஸ், தென் அமெரிக்கா... ஏழைக் குழந்தைகளுக்குப் பாட்டு, கிராஃப்ட், கொஞ்சம் இங்கிலீஷ். குழந்தைகளைக் கட்டிப்பிடித்து செல்ஃபி. பிறகு விமான நிலையம். இந்தியாவுக்கு டூரிஸ்ட் விசாவில் வந்து மதப் பணி செய்ய முடியாது, அதற்கெனத் தனி மிஷனரி விசா இருக்கிறது. அந்த இளைஞர்களின் அன்பில் பொய் இல்லை. ஆனால் இரண்டு வாரத்தில் ஒரு குழந்தை எதிர்க் கேள்வி கேட்கும் அளவுக்கு நெருங்குமா? ஹாக் இந்த ஊரில் 35 ஆண்டுகள் இருந்தார். மில்லர் அவரைவிட அதிகம். அவர்களோடு நாம் ஒத்துப்போக வேண்டியதில்லை. மாணவர் பேசுவதைக் கேட்க அவர்களுக்கு நேரம் இருந்தது என்பதையாவது ஒப்புக்கொள்ளலாம்.

காயப்படக்கூட வழியில்லாத பிள்ளைகள்

ராதாகிருஷ்ணனின் கதையை மட்டும் வைத்து மிஷன் பள்ளிகளை எடைபோட்டால் தராசு ஒரு பக்கம் சாயும். அவர் பிராமணக் குடும்பத்துப் பிள்ளை. மிஷன் பள்ளி இல்லாவிட்டாலும் அவருக்கு ஒரு வேதபாடசாலைத் திண்ணையாவது கிடைத்திருக்கும். திண்ணையில்கூட உட்கார முடியாத பிள்ளைகள் இதே ஊர்களில் இருந்தார்கள். கோயில் வாசலைத் தாண்டவே அவர்களுக்கு அனுமதி இல்லை. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்கான முழுமையான சட்டம் 1947-ல்தான் வந்தது. திருத்தணி மலைக்கு 365 படிகள், வருஷத்துக்கு நாள்கள் எத்தனையோ அத்தனை என்பார்கள். மலைப்படியைவிடப் பள்ளிக்கூடப் படி பல சாதிக் குழந்தைகளுக்கு முன்னதாகவே திறந்தது.

சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்கே இதில் ஒரு பழைய கதை உண்டு. 1837-ல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னையில் தொடங்கிய சிறு பள்ளிதான் அதன் விதை. ஆரம்பித்த கொஞ்ச காலத்திலேயே தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் சிலரைச் சேர்த்தார் என்பதற்காக மற்றவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். 'அவர்களை அனுப்பு, நாங்கள் வருகிறோம்' என்றார்கள். ஆண்டர்சன் அனுப்பவில்லை. சில ஆண்டுகள் கழித்து, 1841-ல் மாணவர்கள் மூன்று பேர் ஞானஸ்நானம் பெற்றபோது மறுபடியும் பள்ளி காலியானது. அந்தப் பெற்றோரின் தவிப்பும் உண்மைதான். படிக்க அனுப்பிய மகன், இனி நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட மாட்டான் என்பது சின்ன விஷயமா?

மிஷனரிகள் எல்லோரும் சாதிக்கு எதிராக நின்றார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. தேவாலயத்துக்குள்ளேயே சாதிவாரியாகத் தனித்தனி இடம் இருந்ததைக் கண்டும் காணாமல் விட்ட மிஷன்கள் உண்டு. ஆனாலும், எழுத்து என்பதே எட்டாத வீட்டில் முதல்முறை ஒரு பிள்ளை தன் பெயரை எழுதியபோது, அந்தப் பிள்ளைக்கு 'உன் மதப் பெருமிதம் காயப்படுகிறது' என்று தோன்றியிருக்குமா என்பது யோசிக்க வேண்டிய கேள்வி. பெருமிதம் காயப்படுவதற்கும் முன்னால் ஒரு பெருமிதம் கையில் இருந்தாக வேண்டுமே!

இந்த முறை கப்பல் எதிர்த்திசையில்

1926-ல் ராதாகிருஷ்ணனுக்கு வயது 37. அதற்குள் மைசூரில் பேராசிரியராக இருந்து, கல்கத்தாவுக்குப் போயிருந்தார். மைசூரிலிருந்து கிளம்பியபோது மாணவர்கள் குதிரையை அவிழ்த்துவிட்டுத் தாங்களே வண்டியை ரயில் நிலையம்வரை இழுத்துப் போனார்கள் என்பது பலருக்கும் தெரிந்த கதை.

அந்த ஆண்டு இங்கிலாந்திலிருந்து அழைப்பு வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள மான்செஸ்டர் கல்லூரி. மதக் காரணத்தால் பழைய பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்காத கிறிஸ்தவர்களுக்காக 1786-ல் மான்செஸ்டரில் தொடங்கி, நூறு வருஷம் கழித்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்த நிறுவனம் அது. ஒதுக்கப்பட்டவர்கள் உண்டாக்கிய இடம் என்பதால் வெளி மதக்காரருக்கும் கதவைத் திறந்தது. கல்லூரி முதல்வர் எல்.பி.ஜாக்ஸ் அழைத்தார், திருத்தணிக்காரர் போனார். 'அப்டன் சொற்பொழிவுகள்' என்ற வரிசையில், இந்துக்கள் வாழ்க்கையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று பேசினார். அடுத்த ஆண்டு அது புத்தகமாக வந்தது. இன்றும் அச்சில் இருக்கிறது. அதே 1926-ல் அமெரிக்காவில் ஹார்வர்டில் நடந்த உலகத் தத்துவ மாநாட்டிலும் பேசினார். ஜான் ஸ்கடர் குழந்தைகளிடம் இந்தியாவைப் பற்றிக் கதை சொன்ன அதே அமெரிக்கா.

1929-ல் மறுபடியும் மான்செஸ்டர் கல்லூரி. இந்த முறை ஒப்பீட்டுச் சமயம் கற்பிக்கும் ஆசிரியராக. அந்தக் கல்லூரியின் தேவாலயத்தில் பிரசங்கமும் செய்தார். தலைப்பாகை கட்டிய இந்து ஒருவர் கிறிஸ்தவப் பிரசங்க மேடையில் நின்று, துன்பத்தையும் சிலுவையையும் பற்றிப் பேசினார். திருப்பதியிலும் வேலூரிலும் கேட்ட பைபிள் வகுப்புகள் அங்கே கைகொடுத்திருக்கும். 1936-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கீழைச் சமயங்களுக்கான ஸ்பால்டிங் பேராசிரியர் பதவி. 1952 வரை அதில் இருந்தார்.

அவர் யாரையும் மதம் மாற்றப் போகவில்லை. அதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்லவும் செய்தார்: அவரவர் இருக்கும் இடத்திலிருந்தே உயரலாம், வீட்டை இடிக்க வேண்டியதில்லை. இதிலும் ஒரு சின்ன மேட்டிமை உண்டு, எல்லா மதமும் கடைசியில் வேதாந்தத்தில் வந்து நிற்கும் என்பதுபோல அவர் எழுதுகிறார் என்று விமர்சித்தவர்கள் இருக்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. பரமபிதாவின் வீட்டில் எல்லோருக்கும் இடம் உண்டு, ஆனால் சாவி எங்களிடம் என்று மிஷனரிகள் சொன்னால், இவரும் தன் பாக்கெட்டில் ஒரு சாவி வைத்திருந்தார்தான்.

அவர் படித்த திருப்பதிப் பள்ளியை நடத்திய ஜெர்மானியர்கள் அதற்குள் இங்கே இல்லை. முதல் உலகப் போரில் பிரிட்டனுக்கு ஜெர்மனி எதிரி. மிஷனரியாக இருந்தாலும் ஜெர்மானியர் ஜெர்மானியர்தான். போரையொட்டிய ஆண்டுகளில் அவர்களின் பள்ளிகளும் தேவாலயங்களும் அமெரிக்காவின் ஒஹாயோ லுத்தரன் சபையின் கைக்கு மாறின. அந்தத் தெலுங்கு சபைதான் இன்று தென் ஆந்திர லுத்தரன் திருச்சபையாக, திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. இப்போது ஜெர்மனியில் பாதிரியார்களுக்குத் தட்டுப்பாடு. அங்குள்ள கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பூசை வைக்க இந்தியாவிலிருந்து பாதிரியார்கள் போகிறார்கள்.

ஹாக் மட்டும் சென்னையிலேயே இருந்தார், பின்னாளில் கல்லூரி முதல்வராகவும் ஆனார். 1937-ல் கல்லூரி தாம்பரத்துக்கு மாறியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அந்தப் புதிய வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. பல நாடுகளிலிருந்து பிரதிநிதிகள். ஹெண்ட்ரிக் க்ரேமர் என்ற டச்சு அறிஞரின் புத்தகம்தான் அங்கே பேசுபொருள். கிறிஸ்துவில் கடவுள் வெளிப்பட்டதற்கும் மற்ற மதங்களுக்கும் நடுவே பாலமே கிடையாது என்கிற தொனியில் அமைந்த புத்தகம். ஹாக் அதை ஏற்கவில்லை. மற்ற மதங்களில் இருப்பவர்களிடமும் கடவுளோடு உண்மையான உறவு இருப்பதை, கண்ணால் பார்த்த நம்மால் மறுக்க முடியாது என்று வாதிட்டார். அவர் மிஷனரிதான், கிறிஸ்துவை அறிவிக்க வேண்டும் என்பதில் கடைசிவரை மாறவில்லை. ஆனால் 35 ஆண்டுகள் இந்து மாணவர்களுக்கு எதிரில் நின்று பாடம் எடுத்திருந்தார்.

1962-ல் ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவர் ஆனார். பிறந்தநாள் கொண்டாட வந்தவர்களிடம், தனக்கு விழா வேண்டாம், அதை ஆசிரியர்களுக்கான நாளாக வையுங்கள் என்றார். அந்த ஆண்டிலிருந்துதான் செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். வகுப்பறைகளில் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். ஹாக்கின் படம் எங்காவது இருந்தால் அதற்கும் ஒரு முழம் பூ வைக்கலாம், தப்பில்லை.

1975-ல் அவருக்கு டெம்பிள்டன் பரிசு கிடைத்தது. சமயத் துறைக்காகத் தரப்படும் உலக அளவிலான பரிசு. முதல் ஆண்டு அன்னை தெரசா வாங்கியது. கிறிஸ்தவர் அல்லாத ஒருவருக்கு அது போனது அதுவே முதல் முறை. அப்போது அவருக்கு 86 வயது, உடம்பு மிகவும் தளர்ந்திருந்தது. பரிசுப் பணத்தை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். அந்த ஏப்ரல் 17 அன்று சென்னையில் காலமானார்.